உசிர் காலேஜ் கணக்கு

சென்னையில் அறுபது வயதைத் தாண்டிய யாரிடமாவது 'செத்த காலேஜ் எங்கே இருக்கு?' என்று கேட்டுப் பாருங்கள். யோசிக்காமல் 'எழும்பூர்' என்பார்கள். மியூசியத்துக்கு ஜனங்கள் வைத்த பெயர் அது. பஞ்சடைத்த புலி, பாட்டிலுக்குள் பாம்பு, திமிங்கலத்தின் எலும்புக்கூடு... உள்ளே இருப்பதெல்லாம் செத்ததுகள். அப்படியானால் உயிரோடு இருப்பதைப் பார்க்கிற இடம்? அது 'உசிர் காலேஜ்'. சென்ட்ரல் ஸ்டேஷனை ஒட்டி, மூர் மார்க்கெட் பக்கத்தில் இருந்த மிருகக்காட்சி சாலை. காணும் பொங்கலுக்குக் கட்டுச்சோற்றோடு பட்டணம் வந்தவர்களின் டூர் புரோகிராமே இவ்வளவுதான். காலையில் உசிர் காலேஜ், மத்தியானம் செத்த காலேஜ், சாயங்காலம் பீச்.

அதென்ன காலேஜ்? 1851ல் மியூசியம் ஆரம்பித்தபோது அது இருந்தது நுங்கம்பாக்கத்தில், கிழக்கிந்தியக் கம்பெனி தன் இளம் அதிகாரிகளுக்குப் பாடம் நடத்திய காலேஜ் கட்டடத்தில். இன்றைக்கும் அந்தத் தெரு காலேஜ் ரோடுதான். பிறகு மியூசியம் எழும்பூருக்கு மாறியது. பெயர் மட்டும் ஜனங்களின் வாயில் ஒட்டிக்கொண்டு கூடவே வந்துவிட்டது என்கிறார்கள். எனக்கு இந்த இரண்டு பெயர்கள் மேலும் தனிப் பிரியம். எந்தப் பண்டிதரும் உட்கார்ந்து யோசித்து இவ்வளவு கச்சிதமாக ஒரு பெயர் வைத்திருக்க முடியாது.

ஆரம்பத்தில் செத்ததும் உயிரோடிருப்பதும் ஒரே காம்பவுண்டுக்குள்தான் இருந்தன. மியூசியத்தின் முதல் பொறுப்பாளர் எட்வர்ட் கிரீன் பால்ஃபர். ஸ்காட்லாந்துக்காரர், ராணுவ டாக்டர். கல்லும் எலும்பும் பார்க்க வருகிற கூட்டத்தைவிட, உயிருள்ள புலியும் சிறுத்தையும் இருந்தால் வருகிற கூட்டம் பல மடங்கு என்பதைக் கவனித்தார். ஆற்காடு நவாப் குலாம் கவுஸ் கானிடம் போய்ப் பேசினார். நவாப் தன் அரண்மனை மிருகங்களை மொத்தமாக மியூசியத்துக்குக் கொடுத்துவிடச் சம்மதித்தார். 1855ல் எழும்பூரில் மிருகக்காட்சி சாலை ஆரம்பமானது. ஒரே வருஷத்தில் 300க்கும் மேல் மிருகங்கள், பறவைகள், ஊர்வன சேர்ந்துவிட்டன. இந்தியாவின் முதல் பொது மிருகக்காட்சி சாலை என்று இதைச் சொல்கிறார்கள்.

இதில் ஒரு சின்ன விஷயம். அதே 1855 அக்டோபரில் நவாப் வாரிசு இல்லாமல் இறந்துபோனார். பட்டத்தைக் கம்பெனி ரத்து செய்துவிட்டது. ராஜ்ஜியம் ஏற்கெனவே போயிருந்தது. கடைசியில் பட்டமும் போனது. அவரிடமிருந்து போனவற்றில் ஊர் ஜனங்கள் கைக்கு வந்து சேர்ந்தது அந்த மிருகங்கள் மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

நான் பி.காம். படித்தவன். எதைப் பார்த்தாலும் பற்று, வரவு என்று இரண்டு பத்தி போட்டுப் பார்க்கிற வியாதி இன்னும் போகவில்லை. அந்தக் கண்ணோடு பார்த்தால் நவாப் கணக்கில் பற்று, மியூசியம் கணக்கில் வரவு. சில வருஷம் கழித்து, 1860களின் தொடக்கத்தில், மியூசியத்தில் இடம் போதாமல் மிருகங்கள் மாநகராட்சிக்குக் கைமாறின. சென்ட்ரல் பக்கத்தில் கவர்னர் டிரெவெலியன் காலத்தில் உருவான பீப்பிள்ஸ் பார்க். பெயரிலேயே மக்கள் இருக்கிறார்கள். 116 ஏக்கர். அதன் ஒரு மூலையில் உசிர் காலேஜ். நுழைவுக் கட்டணம் கிடையாது!

இதைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். லண்டன் மிருகக்காட்சி சாலை 1828ல் திறந்தபோது சங்க உறுப்பினர்களுக்கு மட்டும்தான். சாதாரண ஜனங்கள் காசு கொடுத்து உள்ளே போக 1847 வரை காத்திருந்தார்கள். அதற்குப் பதினைந்து வருஷம் கழித்து, இங்கே ஒரு கூலிக்காரர் பைசா செலவில்லாமல் சிங்கத்தின் முன்னால் நின்றிருக்கிறார். அதற்கு முன்னால் வரை சிங்கத்தை வைத்துக்கொள்ள உரிமை ராஜாவுக்குத்தான். பார்க்கிற உரிமை ராஜாவின் விருந்தாளிக்கு. 'இது நம்ம ஊர்ச் சிங்கம்' என்று ஒரு கை ரிக்‌ஷாக்காரரும் சொல்லலாம் என்றானது பெரிய விஷயம்.

அந்த 'நம்ம' என்ற வார்த்தையைப் பற்றித்தான் இந்த வாரம் எனக்குப் பேச்சு.

கதையைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். சென்ட்ரலைச் சுற்றி இரைச்சலும் புகையும் ஏறின. கூண்டு பெருகியது, இடம் பெருகவில்லை. 1976ல் வனத்துறை வண்டலூர் காப்புக்காட்டில் 1,265 ஏக்கரை ஒதுக்கியது. ஏழரைக் கோடி ரூபாய் முதல் செலவு. 1985 ஜூலை 24 அன்று எம்.ஜி.ஆர். அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவைத் திறந்துவைத்தார். கம்பிக்குப் பதில் அகழி. அதே வருஷம் மே மாதம்தான் மூர் மார்க்கெட் எரிந்தது. இரண்டு மாத இடைவெளியில் அந்த வட்டாரத்தின் இரண்டு அடையாளங்களும் இல்லாமல் போயின. இப்போது அங்கே புறநகர் ரயிலுக்கு நிற்கிறவர்களில் எத்தனை பேருக்கு, ஒரு காலத்தில் பக்கத்திலேயே சிங்கம் படுத்திருந்தது தெரியும்?

நவாப், மியூசியம், மாநகராட்சி, வனத்துறை. நான்கு கை மாறிய சொத்து. 'சொத்து' என்று மிருகத்தைச் சொல்லலாமா என்று சண்டைக்கு வராதீர்கள். கணக்குப் புத்தகம் அப்படித்தான் சொல்கிறது. 1992ல் மத்திய மிருகக்காட்சி சாலை ஆணையம் வந்தது. ஒவ்வொரு மிருகக்காட்சி சாலையும் வருஷா வருஷம் அதற்கு ஒரு பட்டியல் தர வேண்டும். தொடக்க இருப்பு, பிறப்பு, வரவு, வெளியே கொடுத்தது, இறப்பு, இறுதி இருப்பு. முதன்முதலில் இதைப் பார்த்தபோது எனக்குக் காலேஜ் ஞாபகம் வந்துவிட்டது. அச்சு அசல் சரக்கு இருப்புக் கணக்கு. இருபத்தைந்து புள்ளிமான் இருக்க வேண்டிய இடத்தில் இருபத்துநான்கு இருந்தால் யாராவது பதில் சொல்ல வேண்டும்.

நான் இதைக் கேலி செய்யவில்லை. இந்தப் பட்டியல்தான் அந்த மிருகங்களின் காவல். 2021 ஜூன் மாதம் வண்டலூரில் சிங்கங்களுக்குக் கொரோனா வந்தது. நீலா என்ற பெண் சிங்கம் இறந்தபோது அது பெயரோடு எல்லாப் பத்திரிகையிலும் செய்தி. மாதிரிகள் போபாலுக்குப் போயின. முதலமைச்சர் நேரில் போய்ப் பார்த்தார். நீங்களும் நானும்கூட ஒரு மிருகத்தைத் தத்து எடுத்துச் சாப்பாட்டுச் செலவை ஏற்கலாம். வருமான வரியில் 80ஜி விலக்கும் உண்டு. ஒரு சிங்கத்துக்கு நகரம் இதைவிட என்ன செய்துவிட முடியும்?

திறந்துவிட்டிருக்கலாமே என்கிறீர்களா? மிருகக்காட்சி சாலையே வேண்டாம், கூண்டு என்பதே பாவம் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. நாள் முழுக்க ஒரே தடத்தில் போய்ப் போய்த் திரும்புகிற ஒரு ஓநாயை ஐந்து நிமிஷம் நின்று பார்த்தவர்களுக்கு அந்த நியாயம் புரியும். எதிர்த்தரப்பு சொல்வது: வெளியே அழிந்துகொண்டிருப்பதை உள்ளே காப்பாற்றி வைக்கிறோம், ஒருநாள் திருப்பி விடுவோம். இதுவும் நியாயம்தான். ஆனால் 'திருப்பி விடுவோம்' என்ற அந்த வாக்குறுதி என்ன ஆகிறது என்று பார்க்க, வண்டலூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் போக வேண்டும்.

வடநெம்மேலியில் முதலைப் பண்ணை. நாம் பண்ணை என்கிறோம். ஆரம்பித்தவர்கள் வைத்த பெயர் 'பேங்க்'. பாம்பு மனிதர் என்று பெயரெடுத்த ராமுலஸ் விட்டேகர் 1976ல் தொடங்கியது. அரசாங்கம் நடத்துவதல்ல, ஓர் அறக்கட்டளை. டிக்கெட் வாங்கி வருகிற ஜனங்களும் நன்கொடையாளர்களும்தான் அதற்குத் தண்ணீர் ஊற்றினார்கள். பேங்க் என்ற பெயர் எனக்கு ரொம்பப் பிடிக்கும். டெபாசிட் செய்யுங்கள், குட்டி போடும், பிறகு ஆற்றில் எடுத்துவிடலாம். வட்டியும் முதலுமாக! அப்படித்தான் ஆரம்பத்தில் நடந்தது. இங்கே பொரித்த முதலைகள் பல மாநிலங்களுக்குப் போயின. 1990களில் அது நின்றது. ஏன்? முதலையை ஏற்றுக்கொள்ள ஆறு இல்லை. ஆறு இருந்தால் கரையில் ஆள் இருக்கிறார், வலை இருக்கிறது, குளிக்கிற துறை இருக்கிறது. டெபாசிட் குவிந்தது, எடுக்க வழியில்லை. கடைசியில் 2022ல் 1,000 முதலைகளைக் குஜராத்தின் ஜாம்நகரில் ரிலையன்ஸ் குழுமம் சார்ந்த மிருகக்காட்சி சாலைக்கு அனுப்ப அனுமதியானது. எதிர்த்துப் போட்ட பொதுநல வழக்கை சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அங்கே நல்ல வசதி உண்டு என்கிறார்கள், இருக்கட்டும். எனக்கு உறுத்துவது வேறு. 1855ல் ஒரு பணக்காரரின் அரண்மனையிலிருந்து ஊர் கைக்கு வந்தது. 167 வருஷம் கழித்து ஊர் கையிலிருந்து பணக்காரரின் தோட்டத்துக்கு லாரி ஏறியது.

சட்டம், அனுமதி, சாப்பாடு எல்லாவற்றிலும் கணக்குச் சரியாக இருக்கிறது. இல்லாமல் போனது ஒன்றே ஒன்று. விடுவதற்கு ஓர் ஆறு.

அந்த ஆற்றைப் பார்க்கத்தான் நகரத்தின் இன்னொரு மூலைக்குப் போனேன். வண்டலூர் தெற்கு எல்லை என்றால் சடையங்குப்பம் வடக்கு எல்லை. திருவொற்றியூரும் மணலியும் தாண்டி, கொசஸ்தலை ஆற்றுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் பக்கத்தில், கன்டெய்னர் லாரிகளுக்கும் சுத்திகரிப்பு ஆலைப் புகைபோக்கிகளுக்கும் நடுவே ஓர் ஊர். சென்னைக்காரர்களுக்கு இந்தப் பெயர் மழைக்காலத்தில்தான் காதில் விழும். பூண்டி ஏரி நிரம்பி உபரித் தண்ணீரைத் திறந்தால், மணலி புதுநகர், சடையங்குப்பம், பர்மா நகர் மூழ்கின என்று டி.வி.யில் ஓடும். 2021 நவம்பரிலும் ஓடியது.

மழை இல்லாத நாளில் போனால் வேறு ஒன்று தெரியும். சேறும் தண்ணீருமாக விரிந்து கிடக்கிற இடத்தில் கொக்கு, நாரை, நீர்க்காகம், கூழைக்கடா. அலகுக்குக் கீழே பை தொங்குமே, அந்தப் பறவை. வண்டலூருக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு போய் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, 'பாப்பா, பெலிகன் பாரு!' என்று காட்டுகிறோமே, அதேதான். இங்கே அது மின்கம்பிக்கு மேலே பறந்துபோகிறது. யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை.

வலையைக் காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"ஐயா, இந்தக் கூழைக்கடா எல்லாம் எங்கேருந்து வருது? யாராவது பாத்துக்கிறாங்களா?"

"பாத்துக்கிறதா?" சிரித்தார். "அத்த யாரு சார் பாத்துக்கணும்? அது பாட்டுக்கு வரும், துன்னும், போவும். அது வந்து குந்திச்சுன்னா ஆத்துல மீனு கீதுன்னு அர்த்தம்."

"எண்ணெய் வந்துச்சே, அப்போ?"

"அதுக்கும் பட்டினி, எங்களுக்கும் பட்டினி" என்றார். அவ்வளவுதான். மறுபடி வலையில் குனிந்துவிட்டார்.

அவர் சொன்னது 2023 டிசம்பர். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி எண்ணூர் கழிமுகம் முழுக்கப் பரவியது. சென்னை பெட்ரோலியம் நிறுவனத்தின் வளாகத்திலிருந்து வந்தது என்றது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். தன் குழாய்களில் கசிவு இல்லை என்றது நிறுவனம். பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்தது. மீனவர்கள் படகில் போய் பக்கெட்டும் மக்குமாக எண்ணெயை அள்ளினார்கள். வெள்ளைக் கூழைக்கடாக்கள் பழுப்பும் கறுப்புமாகக் கரையில் உட்கார்ந்திருந்த படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வனத்துறை ஆட்கள் பிடித்துக் கழுவப் போனார்கள். பறக்கத் தெம்பிருக்கிற பறவை கையில் சிக்காது. சிக்குகிற அளவுக்குத் தெம்பு போன பறவையைக் கழுவி எவ்வளவு பிழைக்கவைப்பது?

நிவாரணம் அறிவித்தார்கள். பாதித்த மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய். படகுக்கு 10,000. என் பி.காம். புத்தி உடனே அடுத்த வரியைத் தேடியது. கூழைக்கடாவுக்கு? வரியே இல்லை. இருக்கவும் முடியாது. தொடக்க இருப்பு எவ்வளவு என்று எழுதி வைத்தால்தானே நஷ்டத்தைக் கணக்கிட முடியும். வண்டலூரில் ஒரு கூழைக்கடா செத்தால் பதிவேட்டில் ஒன்று குறையும், டாக்டர் அறுத்துப் பார்ப்பார், காரணம் எழுதுவார். எண்ணூரில் அதே கூழைக்கடா செத்தால் நண்டு தின்னும்.

ஒரே பறவை. பிறகு ஏன் இத்தனை வித்தியாசம்? ஒன்று 'நம்முடையது'. மற்றது யாருடையதும் இல்லை. உசிர் காலேஜ் நமக்கு மிருகங்களை நேசிக்கக் கற்றுக்கொடுத்தது, சந்தேகமே இல்லை. ஆனால் சொந்தக்காரனாக நேசிக்கத்தான் கற்றுக்கொடுத்ததோ? பெயர் வைத்த பிறகு, வேலி போட்ட பிறகு, டிக்கெட் அடித்த பிறகு வருகிற பாசம். தானாக வந்து தானாகப் போகிற உயிரிடம் நமக்கு என்ன பொறுப்பு என்பது அந்தக் காலேஜ் பாடத்திட்டத்தில் இல்லை.

ஒரு நண்பரிடம் இதைச் சொன்னபோது கோபித்துக்கொண்டார். "சடையங்குப்பத்தில் மனுஷன் இடுப்பளவு தண்ணியில நிக்கிறான். அவனுக்கே நாதியில்லை. உனக்குக் கூழைக்கடா கவலையா?"

நியாயமான கோபம். அதற்குப் பதிலாகப் பேகனை நினைத்துக்கொண்டேன். மயிலுக்குப் போர்வை கொடுத்த வள்ளல். பள்ளிக்கூடத்தில் இதைப் படித்துவிட்டு, 'மயிலுக்குப் போர்வை எதுக்கு சார்?' என்று கேட்டுச் சிரித்தது ஞாபகம் இருக்கிறது. அது பேகன் வளர்த்த மயில் இல்லை என்பது அப்போது உறைக்கவில்லை. காட்டு மயில். குளிரில் நடுங்குகிறது என்று நினைத்தார், கொடுத்தார். அது எந்த அரண்மனைப் பட்டியலிலும் இல்லாத மயில். ஆனால் கதையில் இன்னொரு பாதி உண்டு. இதே பேகன் மனைவி கண்ணகியைத் தனியே விட்டுவிட்டு வேறு இடத்தில் போய் இருந்தார். கபிலர், பரணர் மாதிரிப் பெரிய புலவர்களே அவரிடம் போய், பரிசில் வேண்டாம், முதலில் வீட்டுக்குப் போ என்கிற மாதிரிப் பாடினார்கள். புறநானூற்றில் இருக்கிறது. மயிலுக்கு இரங்கியதைத் தப்பென்று அவர்கள் சொல்லவில்லை. மயிலுக்கு இரங்கத் தெரிந்தவனுக்கு இது மட்டும் ஏன் தெரியவில்லை என்பதுதான் அவர்கள் கேள்வி.

என் நண்பரின் கேள்வி அதில் பாதிதான். சடையங்குப்பத்தில் மனுஷனா பறவையா என்று பந்தயம் நடப்பதில்லை. இருவர் சோறும் ஒரே ஆற்றில்தான். அந்தப் பெரியவர் கூழைக்கடாவைப் பார்த்து மீன் இருக்கிறதா என்று தெரிந்துகொள்கிறார். கழிமுகத்தில் சாம்பலும் சேறும் ஏறித் தண்ணீர் போகிற வழி அடைபட்டால், வெள்ளம் அவர் வீட்டுக்குள் வருகிறது. பறவைக்கு மேயும் இடம் போகிறது. தனித்தனியாக நிவாரணம் எழுதலாம், தனித்தனியாகக் காப்பாற்ற முடியாது. சிங்கத்தைக் காப்பாற்ற சிங்கத்தைச் சுற்றி அகழி வெட்டினால் போதும். கூழைக்கடாவைக் காப்பாற்ற வேண்டுமென்றால் ஆற்றை விட்டுவைக்க வேண்டும். இது ரொம்பச் செலவு பிடிக்கிற பாசம். இதற்கு 80ஜி கிடையாது.

ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். சில வருஷங்களாகத் தமிழ்நாடு முழுக்க ஒரே சமயத்தில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. வனத்துறையோடு தன்னார்வலர்களும் விடிகாலையில் ஏரிக்கரைகளில் நின்று எண்ணுகிறார்கள். எண்ணிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். வேலி இல்லை, பெயர்ப்பலகை இல்லை, தத்து இல்லை. இருப்பு மட்டும் எழுதி, சொந்தம் கொண்டாடாத ஒரு கணக்குப் புத்தகம். அக்கவுன்டன்சி வகுப்பில் எனக்கு இப்படி ஒன்றைச் சொல்லிக்கொடுத்ததே இல்லை. அந்த எண்ணிக்கையை வைத்துக்கொண்டு அடுத்த எண்ணெய்க்கு யாரிடமாவது நஷ்ட ஈடு கேட்க முடியுமா என்பதைச் சட்டம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும். முடிய வேண்டும் என்பது என் ஆசை.

அதுவரைக்கும் ஒரு வேண்டுகோள், பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர்களுக்கு. வடசென்னைப் பிள்ளைகளை வேன் வைத்து வண்டலூருக்கு டூர் அழைத்துப் போகிறீர்கள். தாராளமாகப் போங்கள், யானையையும் சிங்கத்தையும் அவர்கள் வேறெங்கே பார்ப்பார்கள்? தாம்பரம், வண்டலூர் பக்கத்து ஹெட்மாஸ்டர்கள் ஒரு ஜனவரி மாதக் காலையில் தங்கள் பிள்ளைகளை இந்தப் பக்கம் கூட்டி வாருங்கள். சடையங்குப்பத்துப் பிள்ளைகளையே கைடாகப் போட்டுக்கொள்ளலாம். எந்தப் பறவை எங்கே உட்காரும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். டிக்கெட் இல்லை. கேமராவுக்குத் தனிக் கட்டணம் இல்லை. மூக்கைப் பொத்திக்கொள்ள ஆளுக்கொரு கைக்குட்டை மட்டும் எடுத்து வரச் சொல்லுங்கள்.